காளான் அமர்வில் துணையிருக்க 160 மணி நேரப் பயிற்சி போதுமா?

மழைக்கால_நாடோடி | வெள்ளி இரவு 9.40

ஐந்து வருடமாக இங்கே ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவள் நான். முதல் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் செவிலியராக இருக்கிறேன். 2020 நவம்பரில் இங்கே வாக்கெடுப்பு மூலம் ஒரு சட்டம் வந்தது. 21 வயது நிரம்பியவர்கள், உரிமம் பெற்ற மையத்தில், உரிமம் பெற்ற ஒருவர் உடனிருக்க, மனநிலையை மாற்றும் சைலோசைபின் என்ற பொருள் உள்ள காளானை உட்கொள்ளலாம். டாக்டர் சீட்டு தேவையில்லை. 2023இல் முதல் மையங்கள் திறந்தன. உடனிருக்கும் அந்த ஆளுக்கு ஃபெசிலிட்டேட்டர் என்று பெயர். அதற்கான பயிற்சியைத்தான் போன மாதம் முடித்தேன். 120 மணி நேரம் வகுப்பு, 40 மணி நேரம் செய்முறை, அதன்பின் மாநிலத் தேர்வு. சேர்வதற்குப் பள்ளிப்படிப்பு முடித்திருந்தால் போதும். என் வகுப்பில் ஒரு மனநல ஆலோசகர், ஒரு யோகா ஆசிரியை, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் என்று எல்லா வகையிலும் ஆட்கள்.

பயிற்சியின் விளம்பரத்திலேயே "அறிவியலும் மரபு ஞானமும்" என்று போட்டிருந்தார்கள். அறிவியல் பகுதி உருப்படியாக இருந்தது. மூளையில் 5-ஹெச்டி-2ஏ என்ற ஏற்பியில் மருந்து எப்படி உட்காருகிறது, இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும், லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவரை ஏன் உள்ளே விடக்கூடாது, எல்லாம் சொல்லித் தந்தார்கள். மரபு ஞானம் என்றால் இரண்டு சனிக்கிழமை. காளானைச் சடங்கில் பயன்படுத்தும் மெக்சிகோவின் மசாடெக் மக்களைப் பற்றிப் படங்கள் காட்டினார்கள், கோபால் (copal) என்ற மரப்பிசினைப் புகைய விட்டார்கள், நன்றி சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது இதைவிட அதிகமாகக் கண் எரியும்.

என் கேள்வி இதுதான். இந்த இரண்டையும் ஒரே பயிற்சிக்குள் வைப்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா, அல்லது ஒன்று பாடமாகவும் மற்றது அலங்காரமாகவும்தான் இருக்குமா?

கூடவே ஒரு சின்னக் கேள்வி. ஃபெசிலிட்டேட்டருக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்? 'வழிகாட்டி' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வழியைக் காட்டாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்ததே.

சும்மா_கேட்கிறேன் | வெள்ளி இரவு 10.05

கோபிக்காதீர்கள் அக்கா. போதைக் காளானைத் தின்கிற ஆள் பக்கத்தில் உட்கார ஒரு படிப்பா? பார் சப்ளையருக்கும் இனிமேல் சான்றிதழ் கேட்பார்களோ?

மனநோய்_மருத்துவன் | சனி காலை 7.15

தம்பி, கேலி இருக்கட்டும். எளிதில் தேறாத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் செய்த சோதனை 2022இல் வெளியானது. 25 மில்லிகிராம் சைலோசைபின் வாங்கியவர்களுக்கு மூன்று வாரத்தில் சோர்வு அளவுகோலில் 12 புள்ளி குறைந்தது. ஒப்பீட்டுக்காக வெறும் 1 மில்லிகிராம் வாங்கியவர்களுக்கு 5.4. சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். நாட்கள் போகப் போகப் பலன் தேய்கிறது. பெரிய அளவு வாங்கியவருக்குத் தான் வாங்கியது என்ன என்று அரை மணியில் தெரிந்துவிடும், ஆகவே 'யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்தோம்' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சோதனைகளில் யாரும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. முன்பே சந்தித்துப் பேசி, ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடவே உட்கார்ந்து, மறுநாளும் பேசினார்கள். பலனில் மருந்துக்கு எத்தனை பங்கு, மனிதருக்கு எத்தனை பங்கு? பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்தைத்தான் மேற்பார்க்கும், பேச்சு சிகிச்சை அதன் வேலை இல்லை. ஆக, பாதி மருந்துக்குக் காவல் உண்டு, மற்ற பாதிக்கு இல்லை. நாடோடி அக்கா படித்த படிப்பு அந்தக் காவல் இல்லாத பாதிக்கானது.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

பெரியகுளத்தான் | சனி காலை 8.30

எங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் கொடைக்கானல். 'மேஜிக் காளான்' தேடி வருகிற கூட்டத்தை இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

வட்டக்கானல் பாதையில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். "நான் செத்துட்டேனா, செத்துட்டேனா" என்று அதே கேள்வி. கூட வந்த நண்பர்கள் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார்கள். டீக்கடை அக்கா வெளியே வந்தார். முதலில் அவர்கள் செல்போனைக் கீழே போட வைத்தார். அப்புறம் சட்டையை அவன் தோளில் போர்த்தி, இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்துவிட்டார். அவன் கேட்கும்போதெல்லாம் "இல்ல சாமி, இங்கதான் இருக்க" என்று ஒரே பதில், ஒரே குரலில். ஒன்றரை மணி நேரம். கீரைக் கட்டு தீர்ந்ததும் வெங்காயம் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு யார் 160 மணி நேரம் சொல்லித் தந்தது?

அந்தக் காளான் எங்கே கிடைக்கும் என்று யாரோ கேட்கப் போகிறீர்கள் என்பது தெரியும். அந்த

நடுவர் | சனி காலை 8.52

மேலே உள்ள பதிவின் கடைசி இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். எங்கே கிடைக்கும், என்ன விலை என்ற பேச்சு இங்கே வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

வன்னியூரான் | சனி மாலை 6.20

நான் இருப்பது ரொறன்ரோவில். மசாடெக் ஆக்களைப் பற்றிக் கதை வந்தபடியால் காளான் சடங்கு நடத்திய மசாடெக் பெண் மரியா சபீனாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெக்சிகோ, வஹாகா மாநிலம், வாவுட்லா என்ற மலையூர். 1955இல் கார்டன் வாசன் என்ற நியூயோர்க் வங்கிக்காரர் அங்கே போனார். வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொன்னால் சடங்கு நடக்காது, நோயாளிக்குத்தான் அது. ஆகவே தன் மகனைப் பற்றிக் கவலையாய் இருக்கிறது என்று சொன்னார். ஊர் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டபடியால் சபீனா சம்மதித்தார். 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் படங்களோடு கட்டுரை வந்தது. பெயரை மாற்றித்தான் போட்டார், ஆனாலும் ஊரைக் கண்டுபிடிக்க ஆக்களுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். பொலிஸ் வந்தது. ஊர் சபீனாவைத்தான் குற்றம் சொன்னது, அவருடைய வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 1985இல் வறுமையில் இறந்தார். வெளிநாட்டார் வந்த பிறகு காளானின் வலு போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நோயாளிக்கு உதவுகிற ஒருத்தியிடம் பொய்யான நோய் ஒன்றைச் சொல்லித்தான் இந்த முழுத் துறையும் கதவைத் திறந்தது. இரண்டு சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னார்களா, அக்கா?

மழைக்கால_நாடோடி | சனி இரவு 11.10

வாசனின் பயணத்தையும் வீடு எரிந்ததையும் சொன்னார்கள். மகனைப் பற்றிய பொய் விட்டுப்போனது. அதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

டீக்கடை அக்கா கதையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பயிற்சியாளர் ஒரு வாரம் முழுக்கச் சொல்ல முயன்றது அந்தக் கீரைக்கட்டில் இருக்கிறது. செய்முறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஆள் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்.

அறையில் கட்டில், கண்ணுக்குப் பட்டை, போர்வை, தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒலிபெருக்கியில் முன்பே தொகுத்து வைத்த இசை. வந்தவர் அறுபதைத் தாண்டிய அம்மா, கணவர் இறந்து இரண்டு வருடம். முதல் சந்திப்பிலேயே ஒரு படிவத்தில் எழுதி வாங்கியிருந்தோம்: பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, பாதத்தை? இங்கே விதி குறிப்பிட்ட சில தொடுதலைத்தான் அனுமதிக்கிறது, அதுவும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் இருந்தால். அவர் கைக்கு மட்டும் சரி என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் மணி நேரத்தில் அழ ஆரம்பித்தார். சத்தமாக. பதினான்கு வருடம் வார்டில் வேலை பார்த்த உடம்பு எனக்கு, தானாக எழுந்துவிட்டது. "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூட இருந்த மூத்த ஃபெசிலிட்டேட்டர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினார். உட்கார்ந்தேன். அழுகை இருபது நிமிடம் போயிருக்கும். நான் வாட்ச்சைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு! பிறகு அந்த அம்மா கண்பட்டையை எடுக்காமலே கையை மட்டும் வெளியே நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. மூத்தவர் தன் கையை அதன்மேல் வைத்தார். பிடிக்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் அந்த அம்மா சொன்னார்: "இரண்டு வருடமாக நான் அழ ஆரம்பித்தாலே யாராவது டீ போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்."

இதை நான் கற்றுக்கொண்டது அறிவியல் பகுதியிலா, மரபுப் பகுதியிலா? இரண்டிலும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது மூன்றாவது ஒரு பரம்பரை. கட்டில், கண்பட்டை, இசை, பக்கத்தில் ஆள், இதெல்லாம் அறுபதுகளில் மேரிலாந்தின் ஸ்பிரிங் குரோவ் போன்ற மருத்துவமனைகளில் பழகி வந்த முறை.

மசாடெக் முறை இதற்கு நேர் எதிர். அங்கே நடப்பது இரவில், இருட்டில். குடும்பம் பக்கத்தில் இருக்கும். நோயாளியோடு சபீனாவும் காளான் சாப்பிடுவார். விடிய விடிய அவர்தான் பாடுவார், பேசுவார், கை தட்டுவார். பயணத்தை நடத்துகிறவரே அவர். எங்களுக்கோ, போதையில் இருக்கக் கூடாது, நோயைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது, திசை காட்டக் கூடாது என்று விதி. இரண்டையும் அடுத்தடுத்த வாரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இவை ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

செவிலி_மதுரை | ஞாயிறு காலை 6.45

நான் வலிநிவாரணப் பிரிவில் இருக்கிறேன், புற்றுநோய் முற்றியவர்களோடு. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 51 புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து இந்த விஷயத்தின் மேல் ஒரு கண். பயமும் சோர்வும் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தே இருந்தது என்றார்கள். எங்கள் வார்டில் அதைத் தர முடியாது, தரச் சொல்லவும் இல்லை. உட்காருவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் பாட்டி ஊரில் மருத்துவச்சி. பிரசவ வீட்டுக்குப் போனால் முதலில் அடுப்படியில் இருக்கிற நாலு பெண்களில் இரண்டு பேரை வெளியே அனுப்பிவிடுவாராம். யாரை அனுப்பவேண்டும் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டு மாமியார் மருமகள் கதை அவருக்குத் தெரியும். வலி வந்த பெண் கத்தினால் கத்தட்டும் என்று வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாராம். என் அத்தை அவரோடு பத்து வருடம் பை தூக்கிக்கொண்டு போனார். முதல் மூன்று வருடம் வெந்நீர் வைத்தது மட்டும்தான் வேலை.

பாட்டியைப் பெரிதாக்கிச் சொல்லவில்லை. அவர் கையில் செத்த குழந்தைகளும் உண்டு, கை கழுவாமல் தொப்புள் அறுத்த காலமும் உண்டு. ஆனால் அவர் தப்பு செய்தால் மறுநாள் அதே தெருக்குழாயில் அதே பெண்ணின் அம்மாவைப் பார்த்தாக வேண்டும். நாடோடி தேடுகிற மரபு அந்தக் குழாயடியில்தான் இருக்கிறது. புகை போடுவதில் இல்லை.

வார்த்தை கேட்டீர்கள். 'வழித்துணை' என்று வைத்துக்கொள்ளுங்களேன். காட்டுப் பாதையில் கூட வருகிற ஆள். வழி அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை.

மழைக்கால_நாடோடி | ஞாயிறு காலை 7.30

வழித்துணை. எடுத்துக்கொண்டேன்.

மனநோய்_மருத்துவன் | ஞாயிறு காலை 10.00

குழாயடி வாதம் அழகு. ஆனால் நான் கொஞ்சம் குறுக்கே விழவேண்டும்.

ஊருக்குத் தெரிந்தவர் என்பதாலேயே ஊர் வாயை மூடிக்கொண்ட கதைகள் நமக்குத் தெரியாதா? அமேசான் காட்டில் அயவாஸ்கா என்ற மயக்கக் கஷாயம் தேடிப் போன பெண்கள், மயக்கத்தில் இருக்கும்போது குணப்படுத்துபவர்களே அத்துமீறியதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். படித்தவர்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. கனடாவில் எம்டிஎம்ஏ என்ற இன்னொரு போதைப்பொருளை மருந்தாக்கிப் பார்த்த சோதனை ஒன்றில் கணவன் மனைவியாக இரண்டு சிகிச்சையாளர்கள். கலக்கத்தில் இருந்த பெண்ணைக் கட்டிலில் அழுத்திப் பிடித்து, மேலே படுத்த வீடியோ பிறகு வெளியே வந்தது. அந்த இருவரில் ஒருவருக்கு உரிமமே கிடையாது. 2024 ஆகஸ்டில் சைக்கோஃபார்மகாலஜி என்ற இதழ் அது தொடர்பான மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம்தான் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு எஃப்டிஏ அனுமதி மறுத்தது. மறுப்புக்குக் காரணங்கள் பல.

இந்த மருந்துகள் உள்ளே போன ஆள் யார் எது சொன்னாலும் எளிதில் நம்பிவிடலாம். அதுதான் இதன் பலம், அதேதான் ஆபத்து. அந்தப் படிவம், கை தோள் பாதம் என்று வரையறுத்தது, உங்களுக்குக் கேலியாகத் தெரியலாம். எனக்கு மொத்தப் பயிற்சியிலும் மிகவும் பிடித்தது அதுதான். வீடியோ இல்லாவிட்டால் அந்தக் கனடாப் பெண் சொன்னதை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

வன்னியூரான் | ஞாயிறு மதியம் 1.15

டொக்டர் சொல்வது சரி. எங்கள் ஊர்க் கோயிலில் உருவாடுகிறவர்களை, அதாவது சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே மருந்து ஒன்றும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உருவாடுகிறவருக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்பார், விழுந்தால் பிடிக்க. அவருக்கு ஒரு பட்டமும் இல்லை. எங்கள் பெரியப்பா அந்த வேலையை முப்பது வருடம் செய்தார். நான் ஒருமுறை கேட்டேன், என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று. "காலைப் பார். முகத்தைப் பார்த்தால் நீயும் போய்விடுவாய்" என்றார்.

இந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவருக்கு முப்பது வருடம் தேவைப்பட்டதா, அல்லது முதல் வருடமே தெரிந்திருந்ததா? விளங்கவில்லை.

இன்னொன்று. மரபைப் பாடமாக்கச் சொல்லி எல்லா மரபினரும் கேட்கவில்லை. பெயோட்டே என்ற போதை தரும் கள்ளியைப் புனிதமாக வைத்திருக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகள், எங்களை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அது வளரப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும், இருப்பதே குறைவு. ஒரிகனைப் போலக் கொலராடோ மாநிலம் 2022இல் கொண்டுவந்த சட்டத்தில் பெயோட்டேயை வெளியே வைத்துத்தான் எழுதினார்கள். கேட்டு, பிறகு விலகி நிற்பதும் மரபைப் படிக்கிற ஒரு வழி.

பெரியகுளத்தான் | ஞாயிறு மதியம் 2.00

"காலைப் பார்." யப்பா.

சும்மா_கேட்கிறேன் | ஞாயிறு மாலை 5.40

என் பார் சப்ளையர் கமெண்ட்டை வாபஸ் வாங்குகிறேன். அக்கா, செலவு எவ்வளவு? உரிமம் எடுத்தாயிற்றா?

மழைக்கால_நாடோடி | ஞாயிறு இரவு 9.15

பயிற்சிக்கே பல ஆயிரம் டாலர். அதற்கு மேல் உரிமக் கட்டணம் வருடத்துக்கு 2,000. மையம் நடத்துகிறவருக்கு 10,000. காப்பீடு ஒரு பைசா தராது, அமெரிக்க ஒன்றிய அரசுச் சட்டப்படி இது இன்னும் குற்றம்தானே. ஆகவே தனி அமர்வுக்கு வருகிறவர் கையிலிருந்து ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. செய்முறையில் நான் பார்த்தவர்களில் பேருந்தில் வந்து இறங்கியவர் யாரும் இல்லை. வாவுட்லாவில் ஊர்க்காரர்கள் சபீனாவுக்குக் கொடுத்தது கொஞ்சம் காசும் அவர்களால் முடிந்ததும்தான்.

டாக்டர், படிவத்தை நான் கேலி செய்யவில்லை. அந்த அம்மா கையை நீட்டியபோது மூத்தவர் தயங்காமல் கை வைத்தாரே, அந்தத் தைரியம் படிவத்தால்தான் வந்தது. ஆனால் பிடிக்காமல் வைத்தாரே, அது படிவத்தில் இல்லை. அவர் இருபது வருடம் சாகப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். மதுரை அக்கா மாதிரி.

ஹாஃப்மன் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் எடுக்கவில்லை. காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்த ஸ்விஸ் வேதியியலாளர். 1962இல் ஆய்வகத்தில் செய்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு சபீனாவைப் பார்க்கப் போனார். சபீனா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதிலும் அதே சக்திதான் இருக்கிறது, இனிமேல் காளான் முளைக்காத மாதங்களிலும் வேலை பார்க்கலாம் என்றாராம். மரபு என்றால் மாத்திரையைக் கண்டு முகம் சுளிக்கும் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். அந்தப் பாட்டிக்குக் கவலை எல்லாம் அடுத்த நோயாளிக்கு என்ன கொடுப்பது என்பது.

உரிமம் இன்னும் எடுக்கவில்லை. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். தடுப்பது பணம் இல்லை. மூன்றாவது வருடம் ஓர் அமர்வு கையைவிட்டுப் போனால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது? ஒரிகன் விதியில் செய்முறை முடிந்ததோடு ஆசானும் முடிந்தார். கொலராடோவில் பயிற்சிக்குப் பின்னும் 50 மணி நேரம் மூத்தவரிடம் கலந்து பேசவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை. நேற்று அந்த மூத்தவருக்குப் போன் செய்து, மாதம் ஒரு தடவை வந்து உங்களோடு பேசலாமா, சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சம்பளம் வேண்டாம், வரும்போது ஏதாவது சமைத்துக் கொண்டு வா என்றார். வருகிற சனிக்கிழமை போகிறேன். காரம் சாப்பிடுவாரா என்று கேட்க மறந்துவிட்டேன், எலுமிச்சை சாதமே செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

செவிலி_மதுரை | ஞாயிறு இரவு 9.50

கடலை கூடப் போடுங்கள்.